சென்ட் உடம்பில் சரியாக வரவில்லையா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

"அண்ணே, பதினெட்டாயிரம் போட்டு வாங்குனேன். ஆட்டுக்கிடா மாதிரி அடிக்குது. டூப்ளிகேட்டா இருக்குமோ?"

மாதத்துக்கு ஒரு போனாவது இப்படி வந்துவிடும். மதுரை சிம்மக்கல்லில் குடியிருந்துகொண்டு பிரெஞ்சு சென்ட் பைத்தியம் பிடித்துத் திரிகிறவன் என்று நாலு பேருக்குத் தெரிந்துபோனதன் பலன். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு அடிச்ச தம்பி? ஆட்டு வாடை எத்தனை மணிக்கு வந்துச்சு?" இதற்குப் பதில் சொல்லும்போதே பாதிப் பேருக்கு விஷயம் பிடிபட்டுவிடும்.

ஊருக்கெல்லாம் பொதுவாக இல்லாமல் தனி ரசனைக்காரர்களுக்கென்று செய்கிற 'நிஷ்' சென்ட் என்கிற வகையறா, ஆரம்பத்தில் ஒரு வாசம், நடுவில் ஒன்று, அடியில் வேறொன்று என்று மாறுவதற்காகவே கட்டப்படுகிறது. எலுமிச்சை வகை, மிளகு, ஏலம் போன்ற இலேசான சரக்கு முதல் கால் மணி நேரத்தில் பறக்கும். பூவும் கனமான மசாலாவும் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். கட்டை, பிசின், கஸ்தூரி வகை மறுநாள் காலை வரை தோலில் கிடக்கும். இது பாரிஸ் குளிருக்குப் போட்ட கணக்கு. அக்னி நட்சத்திரத்தில், வெயில் 40 டிகிரியைத் தொடும் நம் ஊரில், இந்தக் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடும். ஒரே பாட்டிலைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய் அடித்துப் பார்த்திருக்கிறேன். மதுரையில் பஸ் ஸ்டாண்டு போவதற்குள் தீர்ந்துபோகிற எலுமிச்சை, அங்கே ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்த பிறகும் இருந்தது.

அதனால் எந்தக் கோளாறானாலும் முதலில் ஒரு சோதனை. ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தில் ஒரு தடவை, துவைத்த பருத்தித் துணியில் ஒரு தடவை, முழங்கைக்குக் கீழே உள்பக்கம் ஒரு தடவை. மூன்றுக்கும் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் கெட்ட வாடை என்றால் சென்ட்டின் அமைப்பே அப்படி, இல்லையென்றால் பாட்டில் கெட்டிருக்கிறது. கையில் மட்டும் கெட்டால் தோலிலோ சூட்டிலோ காரணம் இருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் "அடிக்குதே" என்று சொல்லியும் உங்களுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் மூக்கு.

அடித்த உடனே ஸ்பிரிட் நெடி, தைல நெடி

முதல் ஒரு நிமிஷம் வருவது ஆல்கஹால். அதை மோந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. புதுப் பாட்டிலில் முதல் மூன்று நான்கு அழுத்தல்கள் குழாயில் இருந்த காற்றோடு சேர்ந்து அரைகுறையாகத்தான் வரும். அதைக் கைகழுவும் தொட்டியில் விட்டுவிடலாம்.

ஐந்து நிமிஷம் ஆகியும் மூட்டுவலித் தைலம் போல அடிக்கிறதா? பெட்டியில் 'ட்யூபரோஸ்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது நம் சம்பங்கிதான். சம்பங்கியின் வாசத்திலேயே மெத்தில் சாலிசிலேட் என்கிற பொருள் உண்டு, தைலத்தில் சுரீரென்று ஏறுவதும் அதே சரக்குதான். செர்ஜ் லுட்டென்ஸ் என்ற பிரெஞ்சு கம்பெனியின் ட்யூபரோஸ் க்ரிமினெல் (1999) வேண்டுமென்றே இந்த நெடியைத் தூக்கி முன்னால் வைத்துக் கட்டியது. முதல் பத்து நிமிஷம் பாட்டியின் முழங்கால், அதன் பிறகு கல்யாண மாலை. பத்து நிமிஷத்தில் கையைக் கழுவிவிட்டு என்னிடம் குறை சொன்னவர்கள் உண்டு. பொறுத்தவர்கள் அந்தப் பாட்டிலைத் திருப்பித் தருவதில்லை, அதுதான் எனக்குள்ள தொல்லை.

அரை மணி நேரத்தில் காணாமல் போகிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். இதில் இரண்டு நோய் ஒரே முகத்தோடு வரும், பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, நிஜமாகவே ஆவியாகிப் போவது. கையில் இல்லை, துணியில் இருக்கிறது என்றால் இது. வறண்ட தோல் சென்ட்டைப் பிடித்து வைக்காது. வைகாசி வெயிலில் வெளியே போனால் கையில் உள்ளது காற்றோடு போய்விடும், வியர்வை மீதியைக் கழுவிக்கொண்டு போகும். குளித்துத் துவட்டிய கையோடு, ஈரம் முழுக்கக் காய்வதற்கு முன்பே வாசமில்லாத வாஸ்லின் வகையறாவைக் கடுகளவு தேய்த்து, அதன்மேல் அடியுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அதற்கென்று ஒரு வாசம் இருக்கிறது, பதினெட்டாயிரம் ரூபாய் சென்ட்டை அது ஜெயித்துவிடும். மணிக்கட்டை விட்டுவிட்டு நெஞ்சில், பனியனுக்குள் அடித்தால் சட்டை அதை மெதுவாக விடும். மணிக்கட்டு இரண்டையும் ஒன்றோடொன்று தேய்க்கிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. தேய்த்தால் வாசம் 'உடையாது', ஆனால் சூடேறி மேல் வாசம் சீக்கிரம் ஓடும். ஏற்கெனவே ஓடுகிற ஊர் இது.

வெறும் எலுமிச்சை வகையில் கட்டிய சென்ட் என்றால் இந்த வைத்தியம் எதுவும் பெரிதாகப் பலிக்காது. அதை இளநீர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன பாட்டில் ஒன்று பையில் வைத்து மதியம் இன்னொரு தடவை அடிப்பதுதான் வழி.

இரண்டாவது நோய் மூக்குக்கு. பூக்கடைக்காரருக்கு மல்லி வாசம் தெரியாது என்பார்களே, அது. ஒரே வாசம் தொடர்ந்து வந்தால் மூளை அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். கழுத்தில் அடித்தவர்களுக்கு இது சீக்கிரம் வரும், மூக்குக்கு நேர் கீழே புகை போட்ட மாதிரி அது ஏறிக்கொண்டே இருப்பதால். இவர்கள் என்ன செய்வார்கள்? இன்னும் நாலு தடவை அடிப்பார்கள். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவர் ஜன்னல் பக்கம் தலையை நீட்டுவார்.

இதில் தனியாக ஒரு வகை உண்டு. மாலிக்யூல் 01 என்று 2006-இல் கேசா ஷோன் என்பவர் வெளியிட்டது. அதில் ஆல்கஹாலைத் தவிர ஐசோ ஈ சூப்பர் என்ற ஒரே ஒரு செயற்கைப் பொருள்தான். அடித்தவருக்கு வரும், போகும், ஒரு மணி நேரம் கழித்துப் படியேறும்போது திடீரென்று திரும்ப வரும். சிலருக்கு வரவே வராது. செயற்கைக் கஸ்தூரிகளிலும் இந்தத் தகராறு இருக்கிறது. பெரிய மூலக்கூறு கொண்ட சில மஸ்க்குகளைச் சிலர் மூக்கு பிறவியிலேயே பிடிப்பதில்லை. அப்படி ஒன்றை என் அத்தை மகனிடம் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன். "வெறும் தண்ணிய அடிச்சு விட்டுட்டாங்கடா" என்று சிரித்தான். வாசலில் நின்ற அவன் மகளுக்கு நன்றாகவே வந்தது. இப்படிப்பட்டதை வீட்டில் ஒருவரைக் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும்.

கடையில் காபிக்கொட்டை டப்பாவை நீட்டுவார்கள், மூக்கைச் சுத்தப்படுத்துமாம். சும்மா வெளிக்காற்றில் நாலு மூச்சு இழுத்தாலும் அதே பலன்தான். டப்பாவுக்குப் பதில் எதிர்க்கடையில் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

'ஜாஸ்மின்' என்று போட்டிருக்கிறது, அழுகல் வாடை வருகிறது

மதுரைக்காரர்களுக்கென்றே உள்ள கோளாறு. வெளியூர்க்காரர் யாரும் இவ்வளவு கோபத்தோடு இதைச் சொல்வதில்லை. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ நம்முடையது. மொக்கைக் காலையில் பறித்து, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கொட்டி, சாயங்காலம் தலையில் வைத்த பிறகு அது மலர்கிற வரைக்கும் கூடவே இருந்து பழகிய மூக்கு. அந்த மூக்குக்குப் பிரெஞ்சுக்காரன் மல்லிகை என்று எதைக் கொடுத்தாலும் குறை தெரியும்.

காரணம் இரண்டு. பெரும்பாலான பழைய பிரெஞ்சு சென்ட்டுகளில் உள்ள 'ஜாஸ்மின்' நம் குண்டு மல்லி இல்லை, பிச்சிப்பூ. அது பழ வாசமும் மிருக வாசமும் கலந்து கனமாக இருக்கும். பெட்டியில் 'சாம்பாக்' என்று இருந்தால்தான் நம்முடையது. அதில் பச்சை வாசமும், திராட்சையும் நாரத்தம்பூவும் கலந்த மாதிரி ஒன்றும் வரும்.

அடுத்தது இண்டோல் என்ற வேதிப்பொருள். இது உயிருள்ள மல்லிகையிலேயே இருக்கிறது. துளியாக இருக்கும்போது பூவுக்கு ஆழம் கொடுக்கும். கூடிப்போனால் அந்துருண்டை, அதற்கும் மேலே கழிவறை. ஹெக்சேன் போன்ற கரைப்பானில் போட்டு எடுக்கும் 'அப்சல்யூட்' என்கிற பூச்சத்தில் இந்த வாடை செடியில் உள்ள பூவைவிட அடர்த்தியாகத் தெரியும். சூடான தோலில் மேலே உள்ள இலேசான வாசம் சீக்கிரம் பறந்துவிட, இண்டோல் தனியாக நிற்கும். இரண்டு மணி நேரம் கழித்து அழுகல் வருகிறது என்பவர்களுக்கு நடந்தது இதுதான்.

இது கோளாறே இல்லை என்று எனக்குப் புரிய வைத்தது பழைய சரம். ஒரு நாள் காலையில் எழுந்து, முந்தின இரவு அடித்த சென்ட் கெட்டுவிட்டது என்று கையை மோந்து மோந்து பார்க்கிறேன். கையில் இலேசாகத்தான் வருகிறது. தூக்கலான வாடை ஜன்னல் கம்பியில் தொங்கிய, என் மனைவி இரவு கழற்றிப் போட்ட மல்லிச் சரத்திலிருந்து வருகிறது. பழுப்பேறிக் கிடந்த அந்தச் சரத்தையும் என் கை மணிக்கட்டையும் மாற்றி மாற்றி மோந்தேன். ஒரே வாசம். பாட்டிலில் அடைத்தவர் சாயங்காலத்தோடு நிறுத்தாமல் மறுநாள் காலை வரைக்கும் மல்லிகையை எழுதியிருக்கிறார்.

அது வேண்டாம், மலர்ந்த நேரத்து மல்லி மட்டும் போதும் என்பவர்கள் ஹெடியோன் அதிகமுள்ளதைத் தேடுங்கள். மல்லிகையில் மிகச் சிறிய அளவில் உள்ள ஒரு பொருளை ஒட்டிச் செய்த இந்தச் செயற்கைச் சரக்கு, காற்றோட்டமான, தண்ணீர் தெளித்த மாதிரி வாசம் தரும். எட்மோன் ரூட்னிட்ஸ்கா 1966-இல் டியோருக்காகச் செய்த ஓ சோவாஜில் இதை வைத்துத்தான் பேர் வாங்கினார். அது நிஷ் கிடையாது, விலையும் குறைவு, மதுரை வெயிலுக்கு நான் பார்த்ததில் நன்றாக நிற்பது.

ஒரு எச்சரிக்கை. தலையில் நிஜ மல்லி வைத்துக்கொண்டு மல்லிகை சென்ட் அடிக்காதீர்கள். எந்தச் சென்ட்டும் அந்தப் போட்டியில் தோற்கும்.

ஆட்டுக்கிடா, மாட்டுக்கொட்டில்

திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன்னால் ஊத் எண்ணெய் கலந்த ஒரு சென்ட்டை மூன்று தடவை அடித்துக்கொண்டு போனேன். மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றின, அவ்வளவுதான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சித்தப்பா இலையைப் பார்த்தார், குனிந்து தன் செருப்பைப் பார்த்தார், பிறகு மெதுவாக, "ஏப்பா, இங்க எங்கயும் தொழுவம் இருக்கா?" என்றார்.

ஊத் என்று அரபியில் சொல்வது நம் அகில். அகிற்புகையில் கூந்தல் உலர்த்திய சங்கதி நம் பழைய பாட்டுகளிலேயே கிடக்கிறது, அதனால் இது அந்நியம் இல்லை. அந்த மரத்தில் பூஞ்சை ஏறினால் மரம் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு பிசினைச் சுரக்கும், வாசம் அந்தப் பிசினில்தான். காய்ச்சி எடுப்பதற்கு முன் கட்டையை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அந்த ஊறலில்தான் தொழுவ வாடை பிறக்கிறது, அசாம் பக்கத்து எண்ணெயில் தூக்கலாகவே இருக்கும். அந்த வாடை முதல் ஒரு மணி நேரத்துக்கு. பிறகு தேனும் கட்டையுமாக அடங்கும். ஆகவே வைத்தியம் நேரத்தில் இருக்கிறது: பத்து மணி முகூர்த்தம் என்றால் எட்டரைக்கு அடிக்க வேண்டும், ஒரு தடவை, வயிற்றுப் பக்கத்தில். நான் மண்டப வாசலில் அடித்தேன், மூன்று தடவை.

தொழுவமாக இல்லாமல் பேண்டேஜ், தோல் செருப்பு வாசம் வந்தால் அநேகமாக அதில் நிஜ அகில் இல்லை, ஆய்வகத்தில் செய்த ஊத் கலவை. கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் காத்திருந்தாலும் தேன் வராது.

கிடா வாடைக்கு இன்னொரு காரணம் புனுகு. இப்போது பெரும்பாலும் செயற்கைப் புனுகுதான் போடுகிறார்கள். செர்ஜ் லுட்டென்ஸின் மஸ்க் கூப்ளாய் கான் (1998) இந்த மிருக வாசத்துக்கே பேர்போனது. நாட்டு மருந்துக் கடையில் புனுகு, ஜவ்வாது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் பழகும். அளவுதான் இதில் எல்லாமே. ஒரு தடவை அழுத்தினால் வீபூதிப் பைக்குள் கைவிட்ட மாதிரி. மூன்று தடவை அழுத்தினால் சித்தப்பா.

ரசம் வாசம், வெந்தய வாசம்

சீரகத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் சென்ட்டில் போடுவது உடம்பு வாசத்துக்காக. அவர்களுக்கு அது வியர்வையை நினைவூட்டும் சமாச்சாரம். நமக்கு அடுப்படி. அதனால் 'மர்மமான, வெதுவெதுப்பான' என்று எழுதியிருக்கும் சென்ட் நம் கையில் ரசமாக இறங்குகிறது. இதற்கு மருந்து இல்லை, மூக்கு வளர்ந்த ஊர் அப்படி. மதிய வெயிலில் சொந்த வியர்வையும் சேர்ந்துகொண்டால் ரசம் ஊசினது போல ஆகிவிடும் என்பதால், சீரகம் உள்ளதை மார்கழிக்கு எடுத்து வையுங்கள்.

வெந்தய வாசம் என்றால் 'இம்மார்டெல்' என்ற மஞ்சள் பூவின் பெயர் பட்டியலில் இருக்கும். வெந்தயத்துக்கு அந்த வாசம் தருவது சோட்டோலோன் என்ற பொருள், இந்தப் பூவின் சத்தும் அதே பக்கம் சாய்ந்த வாசம்தான். ஒருவேளை சென்ட்டில் அந்தப் பூ இல்லாமலே வெந்தயம் வருகிறதா? முந்தின நாள் வெந்தயக் களி சாப்பிட்டீர்களா என்று யோசியுங்கள். சோட்டோலோன் வியர்வை வழியாகவும் வெளியே வரும்.

ஆஸ்பத்திரி வாசம், மூக்கில் ஊசி குத்துகிற மாதிரி

மேசோன் பிரான்சிஸ் குர்க்ஜான் என்ற பிரெஞ்சு கம்பெனியின் பக்கரா ரூஜ் 540 என்கிற சென்ட் வந்த பிறகு அதிகமான புகார் இது. பாதிப் பேருக்குப் பஞ்சு மிட்டாய், மீதிப் பேருக்குப் பல் டாக்டர் அறை. இரண்டும் அதில் இருக்கிறது. எந்த மூக்கு எதை முதலில் பிடிக்கிறது என்பதுதான் வித்தியாசம். அம்பர் வகைச் செயற்கைக் கட்டை வாசங்கள் சிலருக்கு மட்டும் பத்து மடங்காகத் தெரியும். அப்படிப்பட்டவர் நீங்கள் என்றால் தலைவலியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், விற்றுவிடுங்கள். இந்த ரகத்துக்கு நல்ல கிராக்கி.

சாம்பிராணி எதிர்பார்த்தேன், எலுமிச்சை வருகிறது

'இன்சென்ஸ்' என்று எழுதியிருப்பது அநேகமாகக் குந்திரிக்கம். வீட்டில் வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணி வேறு பிசின், அதில் வெனிலா மாதிரி இனிப்பு உண்டு. குந்திரிக்கம் எலுமிச்சைத் தோலும் மிளகும் கலந்து தொடங்கும். கீழவெளி வீதி பேராலயத்தில் பூசைக்குப் போயிருந்தால் உடனே பிடிபடும். ஓமான் நாட்டு அமுவாஜ் கம்பெனி இதை வைத்தே பெரிய ஆளானது. சாம்பிராணிதான் வேண்டுமென்றால் 'பென்சோயின்' என்ற பெயரைத் தேடுங்கள்.

காகிதத்தில் அருமை, கையில் புளிப்பு

'உன் தோலுக்கு ஒத்துக்கலை' என்று கடைக்காரர் முடித்துவிடுவார். நான் அவ்வளவு சீக்கிரம் தோலைக் குறை சொல்ல மாட்டேன். முதலில் சோப்பைப் பாருங்கள். போர் தண்ணீரில் சோப்பு சரியாகப் போகாது, தோலில் ஒரு படலம் நிற்கும், அதற்கு ஒரு வாசம். அதன்மேல் பவுடர், அதற்கொரு வாசம். நேற்றைய சென்ட்டின் அடி வாசம் இன்னும் கிடக்கும். நான்காவதாகத்தான் உங்கள் பாட்டில். ஒரு நாள் வாசமில்லாத சோப்பில் குளித்து, பவுடர் போடாமல் அடித்துப் பாருங்கள். பாதிப் புளிப்பு அங்கேயே போகும்.

மரிக்கொழுந்து மட்டும் விதிவிலக்கு. அதன் எண்ணெய் ஒவ்வொருவர் தோலிலும் ஒவ்வொரு மாதிரி விரியும் என்று வாசனைத் தொழிலில் உள்ளவர்களே சொல்வார்கள். 'தவனா' என்று பட்டியலில் இருந்தால் காகிதத்தை நம்பி வாங்காதீர்கள்.

முன்னே நன்றாக இருந்தது, இப்போது தின்னர் மாதிரி

இது நிஜமான கெடுதல். எலுமிச்சை வகை எண்ணெய்கள் சூட்டிலும் வெளிச்சத்திலும் காற்றுப்பட்டுக் கெட்டு டர்பன்டைன் வாடைக்குப் போகும். முதல் பத்து நிமிஷத்தில் மட்டும் அந்த வாடை, பிறகு பழையபடி நன்றாக இருக்கிறது என்றால் மேல் வாசம் மட்டும் போயிருக்கிறது, மீதியை உபயோகிக்கலாம். நிறம் பழுப்பாகிவிட்டது என்று பயந்து கொட்டிவிடாதீர்கள். வெனிலா உள்ள சென்ட் தானாகவே பழுப்பாகும்.

மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையும், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியும் சென்ட்டுக்கு அடுப்பு. பீரோவில் கீழ்த்தட்டு, அட்டைப்பெட்டியோடு. கூரியரில் வந்தது கையில் சூடாக இருந்தால் (எரியக்கூடிய சரக்கு என்பதால் விமானத்தில் ஏற்றாமல் லாரியில் நாள்கணக்கில் வரும்) இரண்டு நாள் நிழலில் வைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

கழுத்தில் கருப்புத் தடம், வேட்டியில் மஞ்சள் கறை

கறைக்குக் காரணம் அப்சல்யூட்டும் வெனிலாவும். வெள்ளை வேட்டி, பட்டு இரண்டிலும் நேராக அடிக்காதீர்கள், பனியனில் அடியுங்கள்.

கருப்புத் தடம் கொஞ்சம் தீவிரமான விஷயம். பெர்கமோட் என்கிற எலுமிச்சை வகை எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து, வழிந்த சொட்டின் வடிவத்திலேயே கருக்கும். பெரிய கம்பெனிகள் இப்போது அந்தப் பொருளை நீக்கிய எண்ணெயைத்தான் போடுகின்றன. பழைய பாட்டில்கள், 'முழுக்க இயற்கை' என்று சொல்லி வீட்டளவில் கலந்து விற்பவை, இவற்றில்தான் கவனம் வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று காலை ஐந்து மணிக்கு அப்படி ஒன்றைக் கழுத்தில் அடித்துக்கொண்டு வைகைக் கரைக்குப் போய், பதினோரு மணி வரை வெயிலில் நின்ற என் நண்பனுக்குக் காதுக்குக் கீழே இரண்டு கோடு விழுந்தது. தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். ஆடி முடிகிற வரைக்கும் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டுதான் திரிந்தான்.